சம்சாரம் என்று எழுதச் சொன்னேன்

6 ஜனவரி 2025, திங்கள்
கல்லூரியில் ஜிஜோ சார் புராஜெக்ட் அறிவித்துவிட்டார். பத்து நிமிடக் குறும்படம், இருவருக்கு ஒன்று. என் ஜோடி ரிஞ்சு, மலையாளப் பெண். அவளிடம் யோசனை தயார்: எல்லையில் வாளையார் செக்போஸ்டில் வரிசையில் நிற்கும் லாரிக்காரர்களைப் பேச வைத்துப் படம் பிடிப்பது. என்னிடம் ஒன்றும் இல்லை.

8 ஜனவரி
இப்போது இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் தென்னைக்கு என்ன நோய் என்று பார்க்க ஒரு அதிகாரி வந்தார். ஏதோ படிவத்துக்காக, அம்மாவுக்கு என்ன வேலை என்று அப்பாவிடம் கேட்டார். "அவ சும்மா ஊட்லதானுங்க இருக்கறா." அப்பா இதைச் சொல்லும்போது, அம்மா தலையில் சோளத்தட்டுக் கட்டோடு இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து போனாள். ரெண்டு பேரும் ஒதுங்கி வழி வேற உட்டாங்க!

அம்மாவின் ஒரு நாளைப் படமாக எடுக்கப் போகிறேன். பெயர் கூட வைத்துவிட்டேன்: சம்சாரம். அப்பா வெளியாட்களிடம் "என்ற சம்சாரம்" என்றுதான் சொல்வார். கற்பகம் என்று பெயர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

9 ஜனவரி
ரிஞ்சுவிடம் அம்மா கதையைச் சொன்னேன். பெயரைச் சொல்வதற்குள்ளேயே, அம்மா வேலை செய்வதை எல்லோரும் வீட்டிலேயே பார்க்கலாமே என்றாள். லாரியை ரோட்டிலேயே பார்க்கலாமே என்றேன். பேச்சுவார்த்தை இல்லை.

13 ஜனவரி
நாளை பொங்கல். ஏணி மேல் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது ரிஞ்சு கூப்பிட்டாள். ஐந்து நிமிடத்தில் தலைப்பு கொடுக்க வேண்டுமாம், இரண்டில் எது என்றாள். "சம்சாரம்னு எழுது" என்றேன். "சம்சாரமோ? சூப்பர், அது மதி" என்றாள், அதுவே போதுமாம், வைத்துவிட்டாள். இவ்வளவு நல்ல பெண்ணோடா சண்டை போட்டேன்? பொங்கல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

16 ஜனவரி
மானம் போயிற்று. ஜிஜோ சார் வகுப்பில் எங்கள் தலைப்பை வாசித்துப் பாராட்டினார். எல்லையில் காத்திருக்கும் லாரிக்காரர்களின் பேச்சு, அதற்குச் 'சம்சாரம்' என்று எவ்வளவு எளிமையான பெயர் என்றார்.

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. எனக்குத் தெரியாதா? நாள் முழுக்கக் கல்லூரியில் நானும் அந்தச் சம்சாரத்தைத்தானே செய்கிறேன். ஆனால் அன்றைக்கு ஏணி மேல் நான் தமிழில் நின்றிருந்தேன். அவள் விட்டுக்கொடுத்தாள் என்று நினைத்து நான் பொங்கல் கொடுத்தேன். நான் விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்து அவள் இரண்டு கிண்ணம் தின்றாள். தலைப்பு பதிவாகிவிட்டதாம், மாற்ற முடியாதாம்.

19 ஜனவரி, ஞாயிறு
வாளையாரில் ஒத்திகை. ஐந்து மணி நேரம் வெயிலில் நின்றோம். நான்கு டிரைவர்கள் தூங்கினார்கள். ஒருவர் மட்டும் நாற்பது நிமிடம் உருக்கமாகப் பேசினார், கடைசியில் கண்ணைக்கூடத் துடைத்தார். அது என்ன மொழி என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ரிஞ்சு சோர்ந்துபோய், உன் வீட்டில் யாராவது சம்சாரிப்பார்களா என்று கேட்டாள். அம்மா வாயைத் திறக்க மாட்டாள், அப்பா மூட மாட்டார் என்றேன். அப்படியென்றால் அப்பா போதும், தலைப்பு பேச்சுதானே என்றாள். எங்கள் வீட்டில்தான் படம், ஆனால் அப்பா படம். இதில் நான் ஜெயித்தேனா, தோற்றேனா?

25 ஜனவரி, சனி
படப்பிடிப்பு. அப்பா கஞ்சி போட்ட வேட்டியில் மாட்டுக் கட்டுத்தரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அம்மாவையும் உட்காரச் சொன்னேன். "எனக்கு வேல கெடக்குது கண்ணு, உங்கப்பன எடுங்க" என்று போய்விட்டாள். அப்பா மூன்று மணி நேரம் பேசினார். கேமரா ரிஞ்சு கையில். எங்கள் தமிழில் பாதிதான் அவளுக்குப் புரியும், ஆனாலும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

27 ஜனவரி
எடுத்ததைப் போட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரமும் அப்பா மங்கலாகக் கலங்கித் தெரிகிறார்! இரண்டு மொழியிலும் ரிஞ்சுவைத் திட்டித் தீர்த்தேன். அவள் அமைதியாக, அவருக்குப் பின்னால் பார் என்றாள்.

பார்த்தேன். "நாந்தானுங்க தெனமும் மோட்டாரு போடுவேன்" என்கிறார் அப்பா. பின்னால், துல்லியமாக, அம்மா மோட்டார் அறைக்குள் போகிறாள். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. "மாட்ட நாம் பாக்காத நாளே கெடயாதுங்க" என்கிறார். அம்மா கன்றை இழுத்துக் கட்டுகிறாள். காதில் விழுவது ரிஞ்சுவின் சம்சாரம், கண்ணில் படுவது என்னுடையது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் பயம் வந்தது.

28 ஜனவரி
அப்பாவை இத்தனை பேர் முன்னால் கேலிப்பொருளாக்கலாமா? அவர் கெட்டவர் இல்லையே. மறுபடி எடுத்துவிடலாமா? ஆனால் அம்மாவை நான் காட்ட நினைத்தது இப்படித்தானே!

சாயங்காலம் அம்மாவிடம் போனில் போட்டுக் காட்டினேன். "பாவம், உங்கப்பன் மொகமே தெரியல" என்றாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவையும் கேட்டபோது, இதையே கொடுப்பதென்று முடிவு செய்தேன்.

31 ஜனவரி, வெள்ளி
திரையிடல். அப்பா முதல் வரிசை, பக்கத்தில் அம்மா. அரங்கம் முதலில் சிரித்தபோது அப்பாவும் சேர்ந்து சிரித்தார். இரண்டாவது முறை திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. வகுப்பிலேயே அதிக மார்க் எங்களுக்குத்தான் என்றார் சார். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. பஸ்ஸில் அம்மா மட்டும், சேலை பரவாயில்லாமல் தெரிந்தது என்றாள்.

1 பிப்ரவரி
அப்பா பேசவில்லை.

2 பிப்ரவரி
இன்றும் பேசவில்லை. இந்த வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. தப்பு பண்ணிட்டனோ?

3 பிப்ரவரி, திங்கள்
விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பா என்னைத் தட்டி எழுப்பினார். அம்மா தூங்குகிறாள், சத்தம் போடாமல் வா என்றார். மோட்டார் அறைக்குக் கூட்டிப்போனார். சுவரில் மூன்று பெட்டி, ஆறு பொத்தான். ஒவ்வொன்றின் மேலும் விரலைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுத்தார்.

"இதுல எத அமுத்தோணும் சாமி?"

எனக்கும் தெரியவில்லை.