உதட்டில் ஒரு சொல்

சேவூர்,
10.2.1986

அன்புள்ள கண்ணகியின் அப்பாவுக்கு,

பொங்கலுக்கும் நீங்கள் வரவில்லை. பெங்களூரில் வேலை அதிகம் போலிருக்கிறது.

தறிச் சத்தத்திலும் அசையாமல் தூங்குகிறாள் என்று பெருமைப்பட்டோமே, நம் மகளுக்குக் காது கேட்கவில்லையாம். "நீ முழுகாம இருந்தப்ப சைட்டோமெகலோன்னு ஒரு வைரஸ் உன் மூலமா குழந்தைக்குப் போயிருக்கணும். உன் மேல தப்பில்லம்மா" என்றார் வேலூர் டாக்டர்.

"கிரகணத்துல வெளிய நின்னுகினு இருந்தா வேற என்னா ஆவும்?" என்றார் உங்கள் அம்மா. உங்களுக்காகச் சேத்துப்பட்டில் பெண் பார்த்துவிட்டும் வந்தாராம். அதைப் பற்றி எழுத எனக்கு நேரமில்லை.

வேலூரில் காதுகேளாதோர் பள்ளியில் தாய்க்கும் சேர்த்துப் பாடம் சொல்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை முதல் அங்கேயே தங்கப்போகிறோம்.

நேற்று "அப்பா" என்று சொல்லிக் காட்டினேன். என் உதட்டைத் தொட்டுப் பார்த்து, அவளும் அப்படியே வாயை மூடித் திறந்தாள். அது யாரென்று காட்ட, உங்கள் படத்தைப் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா