தூக்குக்காவடிக்கு எடுத்த இன்சூரன்ஸ்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
16.08.2009

அன்பு மகள் சாம்பவிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் சுகம். கைக்குழந்தையோடு நீ முகாமை விட்டு வவுனியாவில் சின்னம்மா வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது. பிள்ளைக்குப் பால் போதுமா, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, எழுது. ஆமி தடுத்து வைத்திருக்கிற மருமகனையும் கெதியில் விடுவார்கள், மனதை விடாதே.

இங்கே உன் அப்பாவால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. சித்திரையில் உன்னைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத நேரம், நீ உயிரோடு வந்தால் தூக்குக்காவடி எடுப்பதாக நேர்த்தி வைத்தாராம், அறுபத்திரண்டு வயதில். சரி, உனக்காக வைத்தது, நான் தடுக்கவில்லை. முதுகில் கொக்கி முள்ளுக் குத்தி லொறியில் ஆளைத் தொங்கவிட்டு றோட்டால் போக நகரசபைக்காரர் இன்சூரன்ஸ் பத்திரம் கேட்டார்கள். உள்ளூர்க் கொம்பனிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. அப்படி ஒருவரும் எடுக்காத ஆபத்துக்கு, இங்கே லைசன்ஸ் இல்லாத வெளிநாட்டுக் கொம்பனியில் வாங்கித் தரவென்றே தனி புரோக்கர்மார் இருக்கிறார்கள். கோயில் செயலாளர் அருள்நாயகம் அண்ணை ஒருவரைப் பிடித்து வாங்கிவிட்டார். அப்பா பத்திரத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். நான் எடுத்து வாசித்தேன். அதில் என்ன இருக்கிறது தெரியுமா? அலங்கார வாகன ஊர்வலம். மனிசன் முள்ளில் தொங்குவதைப் பற்றி ஒரு சொல் இல்லை! அப்பா விழுந்தால் கொம்பனிக்காரன் பூமாலைக்குத்தான் காசு தருவான். அதுவும் கடல் கடந்த கொம்பனி, இங்கே யாரிடம் போய் முறையிடுவது?

அருள்நாயகம் அண்ணையைக் கேட்டால், முதுகில முள்ளுக் குத்தித் தொங்கிறதை வெள்ளைக்காரருக்கு எப்பிடித் தங்கச்சி சொல்லுறது, காட்டுமிராண்டியள் எண்டெல்லோ நினைப்பினம் என்கிறார். பார் கதையை! நீங்கள் ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்தபோது, சண்டையை நிறுத்தச் சொல்லி இங்கே குளிரில் றோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினவருக்கு, சாமிக்குச் செய்வதைச் சொல்ல வெட்கமாம். அப்பாவும் ஒத்து ஊதுகிறார், முருகன் பார்த்துக்கொள்வாராம். அப்படியென்றால் முருகனிடமே பத்திரம் வாங்கியிருக்கலாமே.

நானே புரோக்கருக்கு ரெலிபோன் எடுத்து, என் அரைகுறை இங்கிலீசில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்த வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. எத்தனை முள்ளு, எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்றுதான் கேட்டார். இதைவிடப் புதினமானதெல்லாம் எழுதியிருக்கிறேன், மறைத்தால்தான் பத்திரம் செல்லாது என்றார். இந்த வயதில் ஏன் தொங்குகிறார், அதையும் கொம்பனிக்கு எழுத வேண்டும் என்றார். மகள் உயிரோடு வந்துவிட்டாள் என்றேன். அவர் உன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.

இடுப்பில் இன்னொரு பெல்ற், பக்கத்தில் அம்புலன்ஸ் என்ற நிபந்தனையோடு புதுப் பத்திரம் வந்துவிட்டது. அருள்நாயகம் அண்ணை என்னோடு கதைப்பதில்லை. மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்த அப்பா, பத்திரத்தில் காரணம் என்ற இடத்தில் உன் பெயரைக் கண்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்து அழுதார்.

செப்டெம்பர் ஆறாம் திகதி ஞாயிறு, உங்கள் நேரம் பின்னேரம் ஆறரைக்குக் காவடி. மறக்காமல் விளக்குக் கொளுத்து. முருகன் உன்னையும் பேரனையும் காக்கட்டும். அப்பாவின் பெல்ற்றை நான் இறுக்குகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாலேஸ்வரி