பத்து நாள் குறைந்த பதினேழு

பாசத்தையும் கோபத்தையும் ஒன்றாக வரவழைக்கிற என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. நலம் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு கேள்வி இருக்கிறது. தங்கச்சி கோதையின் வயதில் ஒரு வருடத்தை ஏன் குறைத்தீர்கள்?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் பல் டாக்டருக்குத்தான் படிப்பேன் என்கிறாள். பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டாள். உயிரியலில் பள்ளியிலேயே முதல். மெழுகுவர்த்தியை உருக்கிக் கட்டியாக்கி, கடைவாய்ப் பல் மாதிரி செதுக்கிப் பழகுகிறாள். முதல் வருடத்திலேயே அதைச் செய்யச் சொல்வார்களாம். இரும்பறுக்கிற ஹாக்ஸா பிளேடு ஒடிந்ததை எடுத்துத் தீட்டி அதற்குக் கத்தி செய்து கொடுத்தது நான். டிப்ளமோ முடித்து, நீங்கள் வேலை பார்த்த மில்லிலேயே மெயிண்டனன்ஸில் இருக்கிறேன்.

செலவையும் விசாரித்துவிட்டேன். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் பெரிதில்லை. ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம், சொந்தமாக வாங்க வேண்டிய கருவிகள், இவைதான் கையைக் கடிக்கும். ஓவர்டைம் பார்த்தால் சமாளிக்கலாம். தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் நன்கொடை கேட்கிறார்கள். அந்தப் பேச்சே வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஆக, நுழைவுத் தேர்வு எழுதி அரசு இடம் பிடித்தாக வேண்டும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, டிமாண்ட் டிராப்ட், கெஜட்டட் அதிகாரி கையெழுத்துப் போட்ட போட்டோ எல்லாம் ஒரே வாரத்தில் தயார். இழுத்தடித்தால் எனக்குப் பிடிக்காது, உங்களுக்குத் தெரியாதா?

பொறுமையில்லாதவன் விதிமுறைகளைக் கடைசியில்தான் படிக்கிறான். சேருகிற வருடம் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் பதினேழு வயது முடிந்திருக்க வேண்டுமாம். கோதைக்குப் போன ஜனவரியிலேயே முடிந்தது. ஆனால் பள்ளிச் சான்றிதழ்படி அடுத்த ஜனவரி பத்தாம் தேதிதான் முடிகிறது. பத்து நாள் குறைவு! ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது நீங்கள் சொன்ன தேதி அது. தலைமையாசிரியர் உங்கள் சிநேகிதர். ஐந்து முடியவில்லையே என்று அவரும் கேட்கவில்லை.

அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். நகராட்சிப் பிறப்புப் பதிவின் நகலை நீட்டினேன்.

"இதுல வெறும் பெண் குழந்தைன்னுதான தம்பி இருக்கு? அது ஒங்க தங்கச்சிதான்னு யார் சொல்லுவா? அம்மா சத்தியப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். பள்ளிக்கூடத்துல ஒங்கப்பா தப்பான தேதி குடுத்தாருன்னு அவங்க வாயால வரணும். வந்தா அவசர மனுப் போட்டுப் பாக்கலாம்."

"இந்த மாசம் இருபதுதான் கடைசித் தேதி சார்."

"அது கோர்ட்டுக்குத் தெரியாதுல்லா!"

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"சத்தியம் பண்ணி, ஒங்கப்பா பொய் சொன்னாவன்னு நான் சொல்லணுமாலே?"

"சொன்னால்தான் என்ன? போனவருக்கு இனி என்ன கெட்டுப்போகப் போகிறது?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். நீங்கள் இருந்திருந்தால் அறைந்திருப்பீர்கள்.

அம்மா அழவில்லை. "மில்லுல சேரும்போது அவியளுக்குப் பதினாறு. பதினெட்டுன்னு சொல்லித்தான் சேந்தாவ. அதனால ரெண்டு வருஷம் முந்தியே வேலைய விட்டு வரணும். அது மனசுலயே கெடந்துச்சு. 'எம்மவ நாளைக்கு ஒரு கவர்மெண்ட் வேலைக்குப் போனா, ஒரு வருஷமாவது கூடச் சம்பளம் வாங்கட்டும்'னுதாம்லே கொறச்சாவ" என்றார்.

அதுவரை எனக்கு இது தெரியாது. எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

மறுநாள் காலையில் அம்மாவே வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, "வாலே, போவோம். பிள்ளை படிக்கட்டும்" என்றார். மூவரும் பஸ் ஏறினோம். வக்கீல் பத்திரத்தை வாசித்துக் காட்டி, பேனாவை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கோதை எட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"போடாதம்மா. அண்ணே, நீ என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"உனக்காகத்தானே ஓடுகிறேன்?"

"ஓடுத. எம்புட்டு ஓடுத! அடுத்த வருஷம் எனக்கு வயசு இருக்கும்லா? நான் அப்பம் எழுதுதேன். அம்மாவ இப்படித் தவிக்க வச்சு ஒரு படிப்பு எனக்கு வேண்டாம்."

"ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் சித்தப்பா மாப்பிள்ளையோடு வந்து நிற்பார். தெரியுமா?"

"வக்கீலத் தேடி ஓடத் தெரியுதுல்லா? சித்தப்பாட்ட ஒரு வார்த்த சொல்லத் தெரியாதோ?"

வக்கீல் சிரித்துவிட்டார். "தம்பி, பாப்பாவப் பல்லுக்கு விடாதீங்க. என் தொழிலுக்கு அனுப்புங்க."

பத்திரத்தில் கையெழுத்து விழாமலேயே ஊர் திரும்பினோம். நீங்களும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் யாரைப் போல என்று இனி அம்மாவிடம் கேட்கத் தேவையில்லை.

இந்தக் கடிதத்தை நம் மில் தொழிலாளர் மலருக்குக் கொடுக்கிறேன். ஜூனில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப்போகிற அப்பாக்கள் படிக்கட்டும், உள்ள தேதியைச் சொல்லட்டும். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "மலர்ல போடு. ஊரு செத்த நேரம் சிரிக்கும், அம்புட்டுத்தான். சத்தியம் பண்ணச் சொல்லாத" என்றார்.

போன ஞாயிறு சித்தப்பா வந்தார். சிவகாசியில் நல்ல இடமாம், பையன் சொந்தமாகத் தொழில் செய்கிறானாம். "பிள்ளை சும்மாதான இருக்கா?" என்றார். "சும்மா இல்லை சித்தப்பா, பல் டாக்டர் பரீட்சைக்குப் படிக்கிறாள். காப்பி சாப்பிடுங்க, இந்தப் பேச்சு வேண்டாம்" என்றேன். காப்பியைத் தொடாமலேயே போய்விட்டார். போகட்டும்.

அப்பா, ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த வருடம் விண்ணப்பம் கொடுக்கத் தொடங்குகிற அன்றைக்கு முதல் ஆளாக நான் நிற்பேன். நீங்கள் அவளுக்கென்று எடுத்து வைத்த வருடம் தப்பான இடத்தில் வந்து நிற்கிறது. ஆனாலும் அது அவளுடையது. சித்தப்பா என்ன, யார் வந்து கேட்டாலும் அதிலிருந்து ஒரு நாளைக்கூடக் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அவசரக்கார மகன்,
கோதையின் அண்ணன்
இராஜபாளையம்