கயிறு கேட்கிறார்

1946 மார்ச் 4, திங்கள்

காற்றே இல்லை. ஒரே புழுக்கம். ரேஷன் அரிசியில் பாதி கல். ஒரு கண் முறத்தில், ஒரு கண் பாயில் கிடக்கும் என் வீட்டுக்காரர் நெஞ்சில்.

கிறிஸ்மஸ் கழிந்து வந்த பக்கவாதம். வலது கையும் காலும் போனது ஒரு பங்கு, பேச்சு போனது மறு பங்கு. சீப்பைக் காட்டினால் “மீன்” என்கிறார். என்னைக் கண்டால் யோசிக்கிறார். சங்கு குளித்த மனிதர். கடலுக்கடியில் மூச்சை அடக்கிக் கிடந்தவர், பாயில் கிடந்து மூச்சுக்குத் திணறுகிறார்.

ஆஸ்பத்திரி டாக்டர் வந்தார். சொன்னது:
கண் அசந்ததும் மூச்சு நின்று நின்று வருகிறது.
அதனால் உறக்கம் இல்லை. உறக்கம் கெட்டால் புத்தி இன்னும் மங்கும்.
மல்லாந்து படுக்க விடக்கூடாது. மூச்சு நின்றால் உலுக்கி எழுப்ப வேண்டும். பக்கத்தில் எப்போதும் ஆள் இருக்க வேண்டும்.

ஆள் என்றால் நான். பிள்ளையில்லாத வீட்டில் வேறு யார்? நான் பாடம் எடுக்கும் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து மதர் கேட்டனுப்பியிருக்கிறார், திரும்ப வருவேனா மாட்டேனா என்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்கிறார்களோ.

5, செவ்வாய்

மறுபடியும் அதே சொல். “கயிறு.” தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வீட்டு உத்திரத்தையே பார்த்தபடி “கயிறு, கயிறு.”

அவருடைய அக்கா, பெர்னத்து மதினி, வந்திருந்தார். அழுதார், காப்பி குடித்தார், பிறகு சொன்னார்: “ஏளா செசீலி, அவன் நாண்டுக்கிட நிக்கான். கயிறுன்னு ஒண்ணு வீட்டுல கெடக்கப்படாது. அப்படிச் செத்தா கோயில் கல்லறையில எடம் குடுக்க மாட்டாவ, தெரியுமா?”

கொடிக்கயிறு, கிணற்றுக் கயிறு, மூட்டை கட்டிய சணல், எல்லாவற்றையும் மதினியே சுருட்டிக்கொண்டு போனார். ஈரத்துணி இப்போது சுவரில். தண்ணீருக்கு அடுத்த வீட்டில் கெஞ்ச வேண்டும். தெருக்கதவையும் பூட்டியே வைக்கச் சொல்லிவிட்டார். உள்ளே இவர். இவரோடு நானும்தான்.

இவர் உறங்க மறுக்கிறார். கண் செருகும்போதே திடுக்கிட்டு முழிக்கிறார். பயம். முகத்தில் நன்றாகத் தெரிகிறது.

6, விபூதிப் புதன்

கோயிலுக்குப் போக முடியவில்லை. மதினி நெற்றியில் சாம்பலோடு வந்தார். சனிக்கிழமை வண்டி பேசியாகிவிட்டதாம். புத்தி பிசகினவர்களைக் கொண்டுபோய் விடுகிற அந்தோனியார் கோயில் ஒன்று உள்நாட்டில் இருக்கிறது. சங்கிலி போட்டு வைப்பார்கள். குணமாகிறவர்கள் ஆகிறார்கள்.

“சங்கிலி போட்டா உறக்கத்துல யாரு எழுப்புவா?” என்றேன்.

“அந்தோனியார் எழுப்புவார்” என்றார்.

நானும் உறங்கி நாளாகிறது. ஒரு கணம், ஒரே கணம், போகட்டும் என்று நினைத்தேன். சங்கிலியில் மூச்சு நின்றால் அதோடு சரி. ஆண்டவரே, எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பால் திரிந்துவிட்டது.

7, வியாழன்

என் கூடப்பிறந்த சூசை அண்ணன் வந்துவிட்டான்! கொழும்பிலிருந்து தோணி காலையில் கரை பிடித்ததாம். உப்புப் பூத்த சட்டையோடு நேரே இங்கே.

இவர் அவனைப் பார்த்தார். உத்திரத்தைப் பார்த்தார். “கயிறு.”

நான் அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

“கூறுகெட்டவளே! கயிறுன்னா தூக்குக் கயிறா? என்னையல்லா கூப்பிடுதான்! இவன் முங்கும்போது கயித்தப் புடிச்சது யாரு? நான்லா! அடியில கெடக்கவன் மேல பாக்காம எங்க பாப்பான்? உறங்குனா மூச்சு முட்டுது, முங்குத மாரி இருக்கு. புடிக்க ஆளு கேக்கான்.”

எனக்குத் தெரியாததா? சங்கு குளிக்கிறவன் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பான். தங்கச்சி தாலியைக் கடலில் விட எந்த அண்ணனுக்கும் மனம் வராது என்ற கணக்கு. எங்கள் கடற்கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். என் புத்திக்கு மட்டும் எட்டவில்லை. இதில் மங்கிய புத்தி யாருடையது?

அண்ணன் தோணியிலிருந்து கயிறு கொண்டுவந்தான். ஒரு முனை இவர் இடது மணிக்கட்டில். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். “மாப்ளே, முங்கு. நான் இருக்கேன். மேல வரணும்னா இழு.”

ஒருக்களித்துப் படுத்தார். உறங்கினார். மூச்சு நிற்கும்போதெல்லாம் அண்ணன் சுண்டினான். ஒரு பெருமூச்சு, மறுபடி உறக்கம். மத்தியானம் முழுவதும்.

நானும் அடுப்படியில் விழுந்து உறங்கினேன். குழம்பு கரிந்தது.

8, வெள்ளி

நேற்றுப்போலவே உறக்கம். கஞ்சிக் கிண்ணத்தை இடது கையால் தானே பிடித்தார். சீப்பைக் காட்டினேன். நெடுநேரம் யோசித்து, “தலை” என்றார். மீனுக்குத் தலை எவ்வளவோ மேல்.

அண்ணனிடம் கேட்டேன், எத்தனை நாள் இருப்பாய் என்று. தோணி ஞாயிறு போகிறதாம்.

9, சனி

வண்டி வந்தது. மதினி வண்டிக்காரனோடு உள்ளே வந்து, கயிற்றைப் பார்த்து அலறினார். அந்தச் சத்தத்தில் இவர் கண் திறந்தார். மதினியை உற்றுப் பார்த்தார்.

“அக்கா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “காப்பி.”

வண்டியைத் திருப்பி அனுப்பியது மதினிதான். நான் காப்பி மட்டும் போட்டேன், இருந்த சர்க்கரையெல்லாம் கொட்டி.

10, ஞாயிறு

அண்ணன் பூசை கண்டுவிட்டு வந்து சொல்லிக்கொண்டான். “ஏளா, இனி நீதான் புடிக்கணும். நான் வர மாசம் ஆவும்.”

அவன் போனதும் முனையை நான் எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். பொம்பளை கையில் கயிறு கொடுத்துவிட்டு எவன் இறங்கினான்? மூளை கலங்கினாலும் அது மட்டும் கலங்கவில்லை. உறக்கத்துக்குத் தலை ஆடுகிறது, கண்ணை மூடுவேனா என்கிறார்.

எனக்கு வந்த கோபம்! கத்தியேவிட்டேன்: “தங்கச்சி தாலிக்குத்தான அண்ணன் கையில குடுக்கிய? அது யாரு கழுத்துல கெடக்கு? அவனுக்கு இருக்க அக்கறை எனக்கு இருக்காதா?”

பார்த்தார். தாலியைப் பார்த்தார். பிறகு கயிற்றின் முனையை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“மச்சான்” என்றார், என்னைப் பார்த்து.

சிரித்தேன். அழுதேன். அதற்குள் உறங்கிவிட்டார்.

மதருக்கு நாலு வரி எழுதி மடித்தாயிற்று. வர இயலாது. மூன்றாம் வகுப்புக்கு வேறு டீச்சர் பார்த்துக்கொள்ளவும்.

கயிறு அடுப்படி வரை எட்டுகிறது. கிணற்றடிக்கும் எட்டும். தெருவாசலுக்கு எட்டவில்லை, இழுத்துப் பார்த்துவிட்டேன். கடிதத்தை யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டும், வெளியே யாரோ போகிற சத்தம், கூப்பிட்டால்

இழுக்கிறார்.