கூண்டுக்குள்ள அப்பா இருமல்

அக்கா, நேத்து நீ கத்தினது சரிதான். ஹெட்போன் மாட்டிட்டு கேம் ஆடினா வீடே இடிஞ்சாலும் எனக்குக் கேக்காது. இன்னிக்கு சார்ஜ் இல்லாம கழட்டி வச்சேன். அப்பதான் நம்ம கிளி இருமிச்சு. அப்படியே அப்பா குரல்! நீளமா இருமிட்டு, மூச்சு வாங்கி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ங்குது.

ஹெட்போன் வாங்குறதுக்கு முன்னாடி, என் கேம்ல ஆள் சாகுற சத்தத்தைக் கத்துக்கவே அதுக்கு ஒரு மாசம் ஆச்சு. அப்ப அப்பா எத்தனை நாளா இருமுறாரு? மரப்பட்டறையிலேர்ந்து வந்ததும் கூண்டுகிட்டதானே உக்காருறாரு! பக்கத்து ரூம்லதான் நான் இருந்தேன்கா.

வேலைக்கு நேரமாச்சு, ஓடுறேன். போன்ல சொன்னா ஆபீஸ்லயே அழுதுடுவ, அதான் எழுதி வச்சிட்டுப் போறேன். முட்டை பொரிச்சு மூடி வச்சிருக்கேன், சாப்பிடு. கிளிக்குப் பழம் வைக்கல, நீ வச்சிடு.

இன்னொண்ணு: படிச்சதும் இந்தச் சீட்டைக் கிழிச்சிடு. அப்பா பாத்தா முதல்ல கிளியைத்தான் யாருக்காவது கொடுப்பாரு.

இன்னும் ஒண்ணு: நேரா கேட்டா மழுப்பிடுவாரு. ஏழு மணிக்கு நான் வந்ததும் மூணு பேரும் கூண்டுகிட்ட உக்காருவோம். நம்ம முன்னாடி கிளி இருமினா, டாக்டர்கிட்ட வர மாட்டேன்னு அவரால சொல்ல முடியுமா? நீ என்னக்கா நெனைக்கிற?