விளக்கை அணைக்காமல் எடுத்த படம்

தட்டாஞ்சாவடி, புதுச்சேரி
6.7.2004

அன்புள்ள கவிநிலாவின் அப்பாவுக்கு,

சுமலதா வணக்கத்துடன் எழுதுவது. நான், கவிநிலா, அத்தை மூவரும் நலம். மஸ்கட் வெயில் பழகிவிட்டதா? அத்தைக்கு முட்டிவலி இருக்கிறது, வாய்க்கு ஒரு வலியும் இல்லை.

ஸ்டுடியோவையும் கேமராவையும் உங்கள் நண்பர் கலியமூர்த்தியிடம் ஒப்படைத்துவிடு என்று போனில் சொன்னீர்கள். கொடுக்க மாட்டேன். பாஸ்போர்ட் போட்டோவைத் தவிர உனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் இத்துடன் இரண்டு படம் வைத்திருக்கிறேன்.

முதல் படத்தில் வெளிச்சக் கோட்டால் விமானம் வரைந்திருப்பது உங்கள் மகள். இருட்டில் ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, டார்ச்சால் காற்றில் வரையச் சொன்னேன். வீட்டுப்பாடம் முடித்தால் அவளுக்கு விளக்கு வைக்கிற நேரம்தான் கிடைக்கிறது. அத்தை விடுவார்களா? "வெளக்கு வைக்கிற நேரத்துல வூட்ட இருட்டாக்குவியா? லைட்ட வேணா நிறுத்திக்க. காமாட்சி வெளக்கத் தொட்ட, அவ்ளோதான்" என்றார்கள். நானும் தொடவில்லை, விளக்கு எரிய எரியவே எடுத்தேன். கழுவி வந்த முதல் ரோல் முழுக்க விளக்கு இருந்த மூலை பூசணிக்காய் அளவுக்கு வெளுத்துக் கிடந்தது. லென்ஸ் துளையைச் சின்னதாக்கினேன். விளக்கு அடங்கியது, டார்ச் கோடும் கூடவே மெலிந்து போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் புரிந்தது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கூடினால் வெளுப்பது ஓரிடத்தில் நின்று எரிகிற விளக்குதான். ஓடுகிற டார்ச்சுக்கு அந்த நேரம் பொருட்டில்லை, அதன் கோட்டைத் தடிமனாக்குவது துளை. துளையைக் கொஞ்சம் திறந்து, கவிநிலாவை மளமளவென்று வரைந்து முடிக்கச் சொல்லி, ஷட்டரைச் சீக்கிரமே மூடினேன். பாருங்கள், சுடரும் தெரிகிறது, விமானமும் தெரிகிறது.

இரண்டாவது படம் நம் தெரு வடிவேல் வீட்டு நிச்சயதார்த்தம். பிளாஷ் போட்டால் ஆரத்திச் சுடர் செத்துவிடும், போடாவிட்டால் பெண் முகம் இருட்டிவிடும் என்று நீங்களே புலம்புவீர்கள். நான் பிளாஷைக் குறைத்து, ஷட்டரை நிதானமாக விட்டேன். இரண்டும் விழுந்திருக்கிறதா இல்லையா? வடிவேல் மனைவி சந்திரகலா, ஆவணியில் கல்யாணத்துக்கும் நீதான் வர வேண்டும் என்று வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

உங்கள் தொழிலை நான் பிடுங்கிக்கொண்டதாக நினைக்க வேண்டாம். நீங்கள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது கடையாவது நம்முடையதாக இருக்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பெயர்ப் பலகையில் உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுத பெயின்டர் இராமதாஸ் நாளை வருகிறார். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது பெயின்ட் காய்ந்திருக்கும். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
சுமலதா