வளைந்த நான்காவது தகடு

என்சுக்கா,
அக்டோபர் 3

அன்புள்ள எபேரே,

நலம்தானே? மூன்றாவது வருடமாக, நம் கணவர்களின் ஊரில் மருமகள்கள் எல்லாரும் கூடும் ஆகஸ்ட் கூட்டத்துக்கு நீ வரவில்லை. உன் பெயரை வாசித்ததும், "அபுஜாக்காரி எப்படி வருவா? செருப்புல மண்ணு ஒட்டிருமே" என்றாள் தலைவி. வழக்கம்போல் நான் எழுந்து நின்று உனக்காகச் சாக்குச் சொன்னேன்.

வந்திருந்தால், சூப்பில் போடும் கசப்பிலையைக் கசப்புப் போகக் கழுவும் என் இயந்திரத்தைப் பார்த்திருப்பாய். எட்டு வருடம், பல்கலைக்கழக வேலைக்கு நடுவே, தகடு அடித்துத் தந்த கொல்லனைத் தவிர யாரிடமும், உன்னிடம்கூடச் சொல்லாமல் செய்தது. கை நோகக் கசக்கும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. "இதுல என் புருஷனைப் போட்டா கசப்பு போகுமா, டாக்டரம்மா?" என்று ஒருத்தி கேட்டாள்.

இதற்குக் காப்புரிமை வாங்க வேண்டும். உன் தொழிலே அதுதானே. இதனுடன் வரைபடம் வைத்திருக்கிறேன். வேறென்ன காகிதங்கள் வேண்டும்?

உன்,
ஒபியாகேலி


அபுஜா,
அக்டோபர் 12

அன்பு ஒபி,

உன் வரைபடத்தைப் பிரித்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. இதே இயந்திரத்துக்குச் செப்டம்பர் ஒன்பதாம் தேதியே விண்ணப்பம் போய்விட்டது. எழுதியவள் நான். கொண்டுவந்தவன் உன் கொழுந்தன் ஒக்வுதிலி. தானே கண்டுபிடித்ததாகக் கையெழுத்திட்டிருக்கிறான். ஊர் முறையில் நானும் அவனுக்கு அண்ணிதானே. "ரகசியம் அண்ணி, வீட்லகூடச் சொல்லல" என்றான்.

நைஜீரியச் சட்டத்தில் முதலில் தாக்கல் செய்தவருக்கே உரிமை. காகிதங்கள் சரியா என்றுதான் பதிவகம் பார்க்கும், கண்டுபிடித்தது யார் என்று தோண்டாது. தாக்கல் செய்த பிறகுதான் நீ கூட்டத்தில் காட்டியிருக்க வேண்டும். இனி உன்னிடமிருந்து எடுத்தான் என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது ஒன்றே வழி. நான் அவனுடைய வழக்கறிஞர். இதற்குமேல் சொல்லக்கூடாது.

எபேரே


என்சுக்கா,
நவம்பர் 2

எபேரே,

பதிவகத்தில் நகல் வாங்கிப் படித்தேன். கூட்டத்தன்று ஜெனரேட்டரை ஓட்டியவன் அவன்தான். "எங்க வீட்டு மருமக சாதிச்சுட்டா!" என்று கத்திக்கொண்டே போனில் படமும் எடுத்தான்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மூன்றாம் பக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. அங்குள்ள படத்தில் ஆறு தகடுகளில் நான்காவது வளைந்திருக்கிறது. 'இலைகள் சுற்றிக்கொள்ளாதிருக்க' என்று காரணமும் எழுதியிருக்கிறாய். என் இயந்திரத்தில் எல்லாத் தகடுகளும் நேரானவை. கூட்டத்துக்குக் கொண்டுபோகும் வழியில் வேனில் கிழங்கு மூட்டை சரிந்து நான்காவது மட்டும் வளைந்தது. மறுநாளே நிமிர்த்திவிட்டேன்.

ஏன் வளைந்திருக்கிறது என்று அவனைக் கேட்டாயா?

ஒபியாகேலி


அபுஜா,
நவம்பர் 11

ஒபி,

கேட்டேன். "அது அப்படித்தான் அண்ணி ஓடும்" என்று சிரித்தான். அவன் செய்ததல்ல என்று அப்போதே தெரிந்துவிட்டது. யாருடையதோ என்று நினைத்தேன். காரணத்தை நானே யோசித்து எழுதினேன். உன்னுடையது என்று சத்தியமாகத் தெரியாது, ஒபி. தெரிந்திருந்தால் தொட்டிருப்பேனா?

பதில் எழுது.

எபேரே


என்சுக்கா,
டிசம்பர் 1

எபேரே,

வழக்குப் போட்டுவிட்டேன். அந்த ஒரு நாள் தகடு வளைந்திருந்ததைப் பார்த்த பெண்கள் சாட்சி சொல்ல வருகிறார்கள். தலைவி பேருந்தே பேசிவிட்டாள். உன் கடைசிக் கடிதத்தையும் என் வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறேன். உன்னிடம் மறைத்துச் செய்ய விரும்பவில்லை.

இயந்திரத்தை யாராவது பறித்துக்கொள்வார்களோ என்று எட்டு வருடமும் கொல்லனைச் சந்தேகப்பட்டேன், பல்கலைக்கழகத்தைச் சந்தேகப்பட்டேன். உன்னைச் சந்தேகப்படத் தோன்றியதே இல்லை. என்னுடையது என்று தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டாய். அதை நம்புகிறேன். ஆனால் யாருடையதோ என்று நினைத்தாய், எழுதிவிட்டாய்.

அடுத்த ஆகஸ்டில் உன் பெயரை வாசிப்பார்கள். நான் எழுந்து நிற்க மாட்டேன்.

ஒபியாகேலி